இத்ரீஸ் எழுதிய நன்றிக் குறிப்பு

கீழே மிளகாய் மண்டி. லாரியிலிருந்து மூட்டை இறக்க ஆரம்பித்தால் மேல்மாடியில் எங்கள் வகுப்பு மொத்தமும் தும்மும். ஈரான்காரர், கென்யாக்காரர், ஏமன்காரர்... தும்மலில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பாஷை.

மைசூர், மண்டி மொஹல்லா, எண்பதுகளின் கடைசியில். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. போஸ்ட் கிராஜுவேஷன் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஊரிலிருந்த பெரிய காலேஜில் நேராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாதம் எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் படித்துவிட்டுப் போக வேண்டும். லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுப்பது, படித்ததைச் சுருக்குவது, கட்டுரை எழுதுவது... கடைசியில் அவரவர் பாடத்தில் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று. அதை வைத்துத்தான் இன்டர்வியூ. தேறினால் சீட். தேறாவிட்டால் ஊருக்கு ஃப்ளைட்.

இத்ரீஸ் சூடான்காரர். அங்கே பள்ளிக்கூட வாத்தியார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார். எம்.ஏ. எக்கனாமிக்ஸ் சேர வந்திருந்தார். அண்ணன் தம்பிகள் ஒன்றுகூடி, நம் வீட்டில் ஒருத்தனாவது மேலே படிக்கட்டும் என்று அனுப்பிவைத்தவர்.

கட்டுரைக்கு அவர் எடுத்த விஷயம் சோளம். விளைகிற கிராமத்தில் பஞ்சம் வரும்போது அதே சோளம் பக்கத்து டவுனில் எப்படிக் குவிந்து கிடக்கிறது என்று. எல்லாம் தலைக்குள் கச்சிதமாக இருந்தது. இங்கிலீஷ்தான் கைகொடுக்கவில்லை.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதலில் பிழைகளை மட்டும் திருத்தினேன். அப்புறம் வாக்கியத்தையே மாற்றினேன். அவர் ஃபேர் காபி எழுதிக்கொண்டு வருவார், மறுபடியும் சிவப்பு. நம் ஊர் வாத்தியார்கள் எல்லோரும் செய்வதுதான்... அதோடு, என் ஸ்டூடண்ட் கட்டுரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. கடைசிக் காபியில் யோசனை முழுக்க அவருடையது. நடை பாதிக்கு மேல் என்னுடையது.

அந்த மூன்று மாதமும் நான் அவர்கள் காதில் ஓதிய பாடம் இன்னொன்று உண்டு. யாரிடமிருந்து எதை எடுத்தாலும் பெயரைச் சொல்லிவிடுங்கள், மறைத்தால் அது திருட்டு.

மற்றவர்கள் புத்தகங்களுக்கு அடிக்குறிப்பு போட்டார்கள். இத்ரீஸ் எனக்கும் ஒன்று போட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தில், இந்தக் கட்டுரையின் இங்கிலீஷைப் பல முறை திருத்தி, பல வாக்கியங்களை மாற்றி எழுதித் தந்தவர் என் ஆசிரியை என்று, என் முழுப் பெயரோடு. என்னிடம் காட்டவில்லை. பார்த்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

இன்டர்வியூ கமிட்டி அதைப் பிடித்துக்கொண்டது. இது சொந்த எழுத்துதானா என்று கேட்டு இன்ஸ்டிட்யூட்டுக்குக் கடிதம் வந்தது.

இன்ஸ்டிட்யூட்டை நடத்திய ரங்கநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் என் அப்பாவோடு ரயில்வேயில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேலையே கிடைத்தது.

"ஏம்மா, நீ எழுதிக் குடுத்தியா?"

"கரெக்ஷன்தான் சார். கொஞ்சம் ஜாஸ்தியாவே பண்ணிட்டேன்."

"இத ஒத்துண்டா நம்ம சர்டிஃபிகேட்ட யார் மதிப்பா? மத்தவா கதி என்ன? அந்தக் கட்டுரைய நான் பார்க்கவே இல்லன்னு ரெண்டு லைன் எழுதிக் குடு. ஆய்த்து, விஷயம் முடிஞ்சுது."

"அப்ப இத்ரீஸ் என்ன ஆவார் சார்?"

"ஏதோ மரியாதைக்கு உன் பேரப் போட்டிருக்கான்னு கமிட்டில நினைச்சுப்பா. நீ உன் வேலையப் பாரும்மா."

உன் வேலையைப் பார் என்று அவர் சொன்னதில் வேலை என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது.

எழுதிக் கொடுத்தேன். கை நடுங்கியது என்றெல்லாம் இப்போது கதை விட மாட்டேன். நல்ல கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

சார் சொன்ன மாதிரி கமிட்டி நினைக்கவில்லை. ஆசிரியை கண்ணால்கூடப் பார்க்காத கட்டுரைக்கு இவ்வளவு நல்ல இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது? யாரிடமோ எழுதி வாங்கிவிட்டு அந்தப் பெண் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று முடிவு செய்தார்கள். சீட் இல்லை.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அங்கேயே உட்காரவைத்து வேறு ஒன்று எழுதச் சொல்லியிருப்பார்கள். முந்தின வருஷம் ஒருவருக்கு அப்படிச் செய்தது எனக்குத் தெரியும். இத்ரீஸ் சுமாரான இங்கிலீஷில் எழுதியிருப்பார். பாஸ் பண்ணியிருப்பார்.

ஊருக்குக் கிளம்பும் முன் வந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். என் கடிதத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்... வாசலிலேயே நின்று இங்கிலீஷில் பேசினார்.

"உங்களைச் சங்கடத்துல மாட்டிவிட்டுட்டேன் மேடம். உங்க பேரப் போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

நான், "பரவாயில்ல," என்றேன்.

இதைத்தான் இத்தனை வருஷமாக விழுங்க முடியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். வெட்கம் கெட்டவள்.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு நல்ல காலேஜில் வேலை கிடைத்தது. ரங்கநாதன் சார் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் 'நம்பிக்கையானவர்' என்று இருந்தது.

இப்போது அந்த மண்டிக்கு மேலே மொபைல் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. பிள்ளைகள் போனில் நாலு வரி தட்டினால் மிஷினே திருத்தித் தருகிறது. யார் திருத்தியது என்று யாரும் எழுதுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அன்றைக்கு நேர்மையாக எழுதிய ஒருத்தர் பத்துப் பக்கத்தோடு விமானம் ஏறினார்.

அவர் பெயரை இங்கே இன்டர்நெட்டில் பல முறை தேடியிருக்கிறேன். ஒரே பெயரில் நூறு பேர் வருகிறார்கள். கண்டுபிடித்தாலும் என்ன எழுத? நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்கள் கமிட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ...

போன மாதம் ரிட்டையர் ஆனேன். பென்ஷன் ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இதை உங்களிடம் சொல்கிறேன், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.