இன்டர்வியூ நடுவில் அணைந்த போன்

இன்று காலை சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. எங்கள் கம்பைநல்லூர் வீட்டில் மொட்டை மாடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். வெயிலில் உட்கார்ந்து, பவர் பேங்கில் சார்ஜ் போட்டபடியே பேசினேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது போன் கொதித்து, சட்டென்று அணைந்துவிட்டது.

கீழே ஓடினேன். அம்மா பதறிப்போய், “ஃபிரிட்ஜுல வையி புள்ள!” என்றார்.

“வேணாம்மா, உள்ள தண்ணி கோத்துக்கும்.”

கவரைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் வைத்தேன். ஆறியதும் போனுக்கு உயிர் வந்தது. மறுபடி மேலே ஏறி, மாடிப்படி நிழலில் உட்கார்ந்து அதே லிங்க்கில் நுழைந்தேன். நல்லவேளை, இன்டர்வியூ எடுத்த மேனேஜர் இன்னும் இருந்தார்.

“என்னங்க, பயந்து ஓடிட்டீங்களா?”

“போன்தாங்க சூடாயிடுச்சு. நான் கூலாத்தாங்க இருக்கறேன்.”

சிரித்துவிட்டார். மீதிக் கேள்விகளையும் கேட்டு முடித்து, “திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க” என்றார்.

சந்தோஷத்தில் சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. இனி எப்படிக் கேட்பது? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.