ஆறு ரன் முன்னால் இருந்தும் ஏன் எடுக்கவில்லை

என் மகன் தானே கேட்டுத்தான் கடைசி வரை பந்து எறிந்தான் என்று நீங்கள் நம் பேர்லேண்ட் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது பொய். அவன் கேட்கவில்லை. கை வலிக்கிறது என்று உங்களிடம் சொன்னான். அது என் காதில் விழுந்தது. உங்கள் காதிலும் விழுந்தது.

உங்களை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஈரோட்டுப் பக்கமிருந்து நாங்கள் ஹூஸ்டனில் வந்து இறங்கியபோது என் வீட்டுக்காரருக்கு வேலைக்குச் சொல்லிவிட்டது நீங்கள். வீடு பார்த்துக் கொடுத்தது நீங்கள். எனக்குக் கார் ஓட்டப் பழக்கியது உங்கள் மனைவி. எதையும் நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நம் பையன்களை எல்லா அணியிலும் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள் என்று சொல்லி, ஊர் பேஸ்பால் லீகில் நீங்களே ஓர் அணியை எடுத்து நடத்தினீர்கள். பாதிப் பேர் தமிழ்ப் பையன்கள், மீதி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். நல்ல காரியம்தான், அதை நான் மறுக்கவில்லை. பதின்மூன்று வயது என் மகனை அதில் பிட்சர் ஆக்கினீர்கள்.

எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். பிட்சர் என்பவன் நடுவில் இருக்கும் சின்ன மண்மேட்டில் நின்று, மட்டையோடு நிற்பவனுக்குப் பந்து எறிகிறான். ஆட்டத்தைத் தொடங்கிவைத்த பிட்சரை எப்போது நிறுத்திவிட்டு அடுத்தவனை அனுப்புவது என்பதை மேனேஜர் ஒருவர்தான் முடிவு செய்யலாம். எடுத்துவிட்டால் அன்றைக்கு அவன் திரும்ப வந்து எறிய முடியாது. அதனால் எல்லா மேனேஜரும் தயங்குவார்கள். ஆனாலும் எடுப்பார்கள். பார்த்திருக்கிறேன். நன்றாக எறிந்துகொண்டிருக்கும் பையனிடம் மெதுவாக நடந்து போவார்கள், தோளில் கை வைப்பார்கள், பந்தை வாங்கிக்கொள்வார்கள். பையன் முகம் தொங்கிப்போகும். சிலபேர் அழுவார்கள். அடுத்த வாரம் அதே பையன் நல்ல கையோடு வந்து எறிவான்.

நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள். கோயம்புத்தூரில் காலேஜ் அணிக்கு வேகப்பந்து வீசியவர் நீங்கள். அந்தக் கணக்கையே இங்கேயும் வைத்திருந்தீர்கள். கிரிக்கெட்டில் கையை நீட்டிச் சுழற்றி வீசுகிறார்கள். இதில் முழங்கையை மடக்கிச் சாட்டை மாதிரி விசிற வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையின் உள்பக்கம் இழுபடுகிறது. டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் நீங்கள்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் அபிஷேகம் முடிந்து எல்லாக் குடும்பங்களும் நேராக மைதானத்துக்கு வந்திருந்தார்கள். பட்டுப் புடவைகளும் அலுமினியத் தட்டில் புளியோதரையும் அந்த வேலியோரம் வந்தது அதுவே முதல் தடவை. என் வீட்டுக்காரர் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலையாக டல்லாஸில் இருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவதில் நம் அணி ஆறு ரன் முன்னால் இருந்தது. எதிரணி ஒன்றுகூட எடுக்கவில்லை. அப்போதுதான் என் மகன் மாற ஆரம்பித்தான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் மேட்டைச் சுற்றி நடந்தான். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். விரல்களை உதறினான். தோளுக்கு மேலே போக வேண்டிய முழங்கை கீழே இறங்கிவிட்டது. தாழ்வாகப் போய்க்கொண்டிருந்த பந்தெல்லாம் மட்டைக்காரனின் கண் உயரத்துக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எங்கள் அடுத்த தெரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவள் மகன்தான் அடுத்த பிட்சர், பெஞ்சில் சூயிங்கம் மென்றுகொண்டு சும்மா இருந்தான். மேனேஜர் எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் என்னிடம் கேட்டாள்.

இன்னிங்ஸ் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த கம்பி வேலிக்குப் போனேன். அவன் உங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அங்கிள், மை எல்போ ஹர்ட்ஸ்."

"வலி இல்லாம என்னடா பௌலிங்? நாங்கல்லாம் காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் போடுவோம். இன்னும் ரெண்டே இன்னிங்ஸ். தமிழ்ப் பையன் ஃபுல் கேம் போட்டான்னு சங்கத்து நியூஸ்லெட்டர்ல வரணும்."

முதுகில் ஒரு தட்டு தட்டினீர்கள். அவன் "ஓகே அங்கிள்" என்றான்.

அந்த "ஓகே அங்கிள்" நாங்கள் சொல்லிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரோடு மார்க்குக்காகச் சண்டை போடுகிற பையன் அவன். வெள்ளைக்காரக் கோச் என்றால் முடியாது என்று சொல்லியிருப்பான். அங்கிளிடம் எப்படிச் சொல்வான்? அங்கிள் வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அங்கிள் தட்டில் வைத்ததைச் சாப்பிட வேண்டும் என்று பழக்கிய பிள்ளை. நம் குழந்தைகள் நம்மை எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் அவனைத் திரும்ப மேட்டுக்கு அனுப்பினீர்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் அவன் கை வெளிப்படையாகவே தொங்கியது. நான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் போனேன். பட்டுப் புடவையோடு மண்மேட்டை நோக்கி நடந்தேன். அம்பயர் வயதான மனிதர். முகமூடியைக் கழற்றிவிட்டுக் குறுக்கே வந்தார். என் மகன், அவனால் முடியவில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். மேனேஜர் சொன்னால்தான் முடியும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தார். நீங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"அண்ணா, போதுங்ணா. அவனை எடுத்துடுங்க."

"நீ வந்து உட்காரும்மா. விக்கெட் விழுந்துட்டு இருக்கறப்ப எவனாவது பௌலரை மாத்துவானா?"

வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவர், "பேசாம அக்காவையே மேனேஜர் ஆக்கிடுங்க, புளியோதரைக்கும் பஞ்சம் இருக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகனின் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ஐம் ஃபைன். ப்ளீஸ் கோ" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நான் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் அதிகம் எறியவில்லை. ஒரு பந்து, மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவனின் தலைக்கு மேலே பறந்து வேலியில் போய் அடித்தது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். கத்தவில்லை. அப்போதுதான் நீங்கள் நடந்து போனீர்கள். அந்தச் சூயிங்கம் பையன் வந்து சாதாரணமாக மீதி ஆட்டத்தை முடித்தான். ஜெயித்தோம். நீங்கள் எடுத்த போட்டோவில் என் மகன் கோப்பையை இடது கையில் பிடித்திருக்கிறான். அது உங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

வளர்கிற எலும்பில் தசைநார் ஒட்டியிருந்த துண்டே பிய்ந்து வந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து திருகாணி போட்டார்கள். இவனை இவ்வளவு நேரம் எறியவிட்டது யார் என்று டாக்டர் கேட்டார். என் பக்கம் திரும்பாமல், தானே கேட்டுத்தான் எறிந்ததாக என் மகன் ஆங்கிலத்தில் சொன்னான். உங்களைக் காப்பாற்றினான். பதின்மூன்று வயதில், கட்டுப் போட்ட கையோடு.

அந்த வாரம் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தீர்கள். சின்னப் பையன், சீக்கிரம் சரியாகிவிடும் என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், டல்லாஸிலிருந்து வந்துவிட்டிருந்த என் வீட்டுக்காரர் உங்களுக்குக் காபி போடச் சொன்னார். போட்டேன்.

சரியாகவில்லை. அவனுக்கு இப்போது பதினாறு வயது. வலது கை முழுசாக நீளாது. மழை வரும் நாளில் குத்துகிறது. எறிவதில்லை, மைதானம் இருக்கிற தெரு வழியாகப் போவதுமில்லை. கேட்டால் ஆர்வம் இல்லை என்கிறான்.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் ஓர் அம்மாவுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர் பையன் உங்கள் புது அணியில் பிட்சராம். பழைய கதையை யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அந்தப் பையனே விடுங்க அங்கிள் நானே போடறேன்னான், நான் என்னங்க பண்றது" என்றீர்கள். மருத்துவமனையில் உங்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தை சொன்ன பொய்யை எடுத்து நீங்கள் சட்டையாகப் போட்டுக்கொண்டீர்கள். அந்த அம்மா தலையாட்டினார். அவர் பையன் பக்கத்தில் நின்று சமோசா தின்றுகொண்டிருந்தான். சின்னக் கை.

லீக் விதியை மீறவில்லை என்பீர்கள். மீறவில்லைதான். இத்தனை இன்னிங்ஸ் வரை எறியலாம் என்றுதான் விதி சொல்கிறது. வலிக்கிறது என்று சொன்ன பையனையும் எறிய வைக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

என்னிடம் தனியாகப் பேச வர வேண்டாம். என் வீட்டுக்காரருக்குப் போன் போடவும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஹாலில் புது அணிப் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. மைக் உங்கள் கையில்தான் இருக்கும். அந்த அம்மாவும் இருப்பார், நானும் இருப்பேன். ஆறு ரன் முன்னால் இருந்தபோது, இன்னொரு பிட்சர் பெஞ்சில் இருந்தபோது, கை வலிக்கிறது என்று சொன்ன பையனை ஏன் எடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அவர் பையன் அதே வார்த்தையைச் சொன்னால் அந்த நிமிடமே எடுப்பீர்களா, மாட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.