தீத்தடுப்புக் கோட்டில் கிடந்த புல்

மார்ச் மாதத்தில் எங்கள் பக்கத்து மலை எரிவது புதிதல்ல. யாரோ குப்பையைக் கொளுத்துவார்கள், யாரோ பீடியை அணைக்காமல் எறிவார்கள். விசாரணை அறிக்கையில் அது 'காரணம் தெரியவில்லை' என்று வரும். அந்தச் சொற்களை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். காடும் நிலமும் சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் தீவில், கராச்சர்மாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலைப்பக்கம் ஏறும் சிமெண்டுப் பாதையில் போனால் கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. கடைசி வீட்டில் ஒரு விதவை தனியாக இருக்கிறார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர் அங்கேயே பிறந்து, அங்கேயே பால் வெட்டி, சுனாமிக்குப் பிறகு கணவரோடு இங்கே வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் பாக்கு மரம் வைத்தார்கள். கணவர் போய்விட்டார், மரங்கள் நின்றன.

நிலத்துக்குக் காகிதம் எதுவும் இல்லை. ஆனால் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம் என்பதற்கு மரங்களின் வயதையே சான்றாக ஏற்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அதைத் தேடி எடுத்து மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். மனு ஏற்கப்பட்டு, ஆய்வுக் குழு வரும் என்று பதிலும் வந்தது. அவர்கள் வந்து மரங்களை எண்ணிவிட்டால் இடம் அவருக்கு. மரங்கள் இல்லையென்றால் அவர் ஆக்கிரமிப்பாளர். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மதியம் மொட்டை மாடியில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. திருப்பிப் போட ஏறிய என் மனைவி, "என்னங்க, மேல புகையுது," என்றாள். நான் ஏறிப் பார்ப்பதற்குள் முகட்டில் ஆளுயரப் புல் எரியத் தொடங்கியிருந்தது. மூங்கில் வெடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. காற்று எங்களை நோக்கித்தான் வீசியது.

பக்கத்து வீட்டு அம்மாள் கையில் தீப்பெட்டியோடு வேலியருகே நின்றிருந்தார்.

"சார், கீழருந்து நான் ஒரு தீய வச்சு மேல ஏத்தி விட்டுர்றேன். கச்சால்ல தோட்டத்துல அப்புடித்தான் செய்வோம். ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டா இங்குட்டு எரிய ஒண்ணும் இருக்காதுங்க."

"அனுமதி இல்லாம எல்லைக்கிட்ட நெருப்பு வச்சா கேஸும்மா," என்றேன். "மனு பெண்டிங்ல இருக்கப்ப உங்க பேர்ல கேஸ் ஏறுனா காகிதத்த மறந்துட வேண்டியதுதான். கோடுதான் வெட்டியிருக்காங்களே. தீ அங்க வந்து நின்னுடும்."

"நிக்குமா சார்?"

"நிக்கும். அதுக்குத்தானே வெட்டுறது."

அவர் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் பேச்சில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் சொன்ன கோடு, முகட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே குறுக்காக ஓடும் தீத்தடுப்புக் கோடு. ஒவ்வொரு ஜனவரியிலும் கூலி ஆட்கள் வந்து பாதை அகலத்துக்குப் புல்லை வெட்டிவிட்டுப் போவார்கள். எரிய எதுவும் இல்லாத இடத்தில் தீ தாண்டாது என்பது ஏற்பாடு.

முறைப்படி தொலைபேசியில் தகவல் கொடுத்தேன். தீயணைப்பு வண்டி உடனே கிளம்பியது. நிலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் போனை எடுத்தவர் நிதானமானவர்.

"எல்லைக் கல்லுக்கு மேலயா கீழயா சார்? மேலன்னா நாங்க. கீழ வந்துட்டா வேற டிபார்ட்மெண்ட்."

"இப்ப கல்லுகிட்ட இருக்கு."

"அப்ப கொஞ்சம் பாத்துட்டு போன் பண்றீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். பதிலை எழுத்தில் வேறு கேட்டிருப்பேன்.

தீ கோட்டுக்கு வந்தது. நிற்கவில்லை. ஒரு கணம் தயங்கியதுபோல் தெரிந்தது, பிறகு கோட்டின் நீளம் முழுக்கப் பற்றிக்கொண்டது. எண்ணெயில் ஊறிய திரியைக் கொளுத்தினாற்போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜனவரியில் வெட்டிய புல்லை யாரும் அகற்றவில்லை. இரண்டு மாத வெயிலில் காய்ந்து, அங்கேயே வரிசையாகக் கிடந்தது.

ஏன் அகற்றவில்லை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் வெட்டாத கோட்டை வெட்டியதாக ஒருவர் அறிக்கை கொடுத்து, தணிக்கையில் மாட்டிக்கொண்டோம். இனி அப்படி நடக்காதிருக்க நான் ஒரு குறிப்பு எழுதினேன்: 'சரிபார்ப்பு முடியும்வரை வெட்டிய புல் வெட்டிய இடத்திலேயே கிடக்க வேண்டும்.' அதிகாரி ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்திட்டார். அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. வீட்டிலும் சொல்லிக் காட்டியிருக்கிறேன். இந்த வருடம் சரிபார்க்க வர வேண்டியவருக்கு ஜீப் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

"உங்க ரூலுதான அது?" என்றாள் மனைவி, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "போய் நில்லுங்க முன்னால. ஒரு மெமோ குடுத்துப் பாருங்க, நிக்கும்."

தீ தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. பாக்கு மரம் பெரிய சுவாலையாக எரியாது. கீழே உதிர்ந்த மட்டைகள் எரியும், அந்தச் சூட்டில் மரம் நின்ற இடத்திலேயே வெந்து சாகும். தீயணைப்பு வண்டியால் எங்கள் பாதையில் ஏற முடியவில்லை. குழாயை நீட்டிப் பார்த்தார்கள், இரண்டு வீட்டுத் தூரம் எட்டவில்லை. அதன் பிறகு அவர்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடிவந்து, தெருக்காரர்களோடு சேர்ந்து அடித்தார்கள். அந்த அம்மாள் அவர்களுக்கு முன்னால் நின்று அடித்தார். நானும் ஒரு கிளையை எடுத்தேன். "சார், தள்ளிக்கோங்க, கால்ல மாட்டுறீங்க," என்று ஒரு வீரர் சொன்னார். தள்ளிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் அவருடைய அடுக்களைக்குப் பின்னாலிருந்த சிமெண்டுச் சாக்கடையில் தீ நின்றது. வீடு தப்பியது. மரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன.

மலை ஊற்றிலிருந்து தெருவுக்கே தண்ணீர் கொண்டுவந்த கறுப்புப் பிளாஸ்டிக் குழாயும் உருகிப்போனது. நகராட்சித் தண்ணீர் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை. ஆகவே அடுத்த சில வாரங்கள் நாங்கள் வாளிகளோடு லாரிக்குக் காத்திருந்தோம், கரி படிந்த துணிகளைத் துவைக்காமல் உடுத்தினோம். வரிசையில் என்னைப் பார்த்ததும் பேச்சு சற்று நிற்கும். மனைவி சொல்லியிருக்க வேண்டும்.

சேதத்தைப் பார்க்க ஒரு வனக் காவலர் வந்தார். கருகிய தண்டுகளைப் பார்த்து, "யே சப் பேட் தா?" என்றார் இந்தியில். இதெல்லாம் மரமாக இருந்ததா?

"இல்ல, வெளக்குக் கம்பம்," என்றார் அந்த அம்மாள் தமிழில். காவலர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

எரிந்த மரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதிகளை மேற்கோள் காட்டி மூன்று பக்கம் எழுதினேன். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது: ஆய்வு முடியும்வரை இடத்தை உள்ளபடியே வைத்திருக்கவும். நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"எப்ப வருவாங்க?"

"விரைவில்னு போட்டிருக்கு."

"மழ வந்துரும் சார். செத்த மரத்த விட்டா வண்டு முட்ட வச்சுரும், மிச்ச மரத்தையும் தின்னுரும். புதுசா போட்ட பாக்குக் கன்னு வேற பையில முட்டிக்கிட்டு நிக்குது."

"கொஞ்சம் பொறுங்க. எரிஞ்ச மரமாவது கண்ணுக்குத் தெரியணும். அதான் இப்ப நமக்கு ஆதாரம்."

மே நடுவில் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் வெட்டும் சத்தம் கேட்டது. குடையோடு போனேன். கருகிய தண்டுகளை வேரோடு தோண்டிச் சாய்த்து, அந்தக் குழிகளிலேயே புதுக் கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார். கீழ் வரிசை முடிந்திருந்தது.

"என்னம்மா இது, லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டுனேன்ல?"

அவர் நிமிரவில்லை. மண்ணை மிதித்து இறுக்கினார்.

"ஒரு தடவ கேட்டேன் சார்," என்றார். "இந்தத் தடவ கேக்கல."

விதிப்படி அவரை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஆய்வுக் குழுவுக்கு ஒரு நினைவூட்டல் எழுதினேன். முந்தைய கடிதத்தின் எண், தேதி எல்லாம் சரியாகக் குறிப்பிட்டேன். 'எரிந்த மரங்கள் அப்புறப்படுத்தப்படவில்லை. இடம் உள்ளபடியே இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோப்பில் நான் சேர்த்த முதல் பொய் அது. குழு இன்னும் வரவில்லை. கன்றுகள் பிடித்துவிட்டன.