முதுகில் ஒரு படம்: குடிபாலாவில் ஒரு பகல்

காலை ஆறரை. திருப்பதிப் பேருந்து நிலையத்தில் மலையிறங்கிய கூட்டம் மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாக ஊர் திரும்பும் அவசரத்தில் இருந்தது. எனக்கு வீடு திரும்ப மனமில்லை. சித்தூருக்கு எழுபது கிலோமீட்டர். அங்கிருந்து வேலூர் சாலையில் இன்னும் பதினைந்து போனால் குடிபாலா. அதன் பக்கத்துச் சிற்றூரில் என் தோழி ரேவதி, தமிழ்வழி அரசுப் பள்ளி ஆசிரியை. "ஒரு நாள் என் வகுப்பைப் பாரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஏறிவிட்டேன்.

எட்டரை, சித்தூர். மாங்காய்க் காலம். மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, காற்றே பிசுபிசுத்தது. ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் தெலுங்கில் ஆள் கூப்பிட்டு, தமிழில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் சில்லறை எண்ணினார்.

பத்து மணிக்கு மூன்றாம் வகுப்பில் ஒரே இரைச்சல். ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் ஊக்கு குத்திய ஒரு விலங்குப் படம். அது என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் 'எஸ்', 'நோ' தவிர எதுவும் சொல்லக்கூடாது.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கூழ்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் மஞ்சுளா.

"இன்னா டீச்சர், எப்ப வந்தாலும் ஆட்டமாவே கீது? எம் பொண்ணு நோட்டத் தொறந்தா வெள்ளையா கீது. பிரைவேட்ல நோட்டு நோட்டா எழுதறானுங்க. டி.சி. குடுத்துடுங்க, அங்க சேத்துடறேன்."

அவள் மகள் பவித்ரா, கண்டுபிடித்துக் கழற்றிய முயல் படம் கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டாள்.

ரேவதி வாதாடவில்லை. "ஹெட்மாஸ்டர்தாம்மா கையெழுத்துப் போடணும். வர்ற வரைக்கும் உட்காருங்க" என்றாள்.

மஞ்சுளா உட்காருவதற்குள் பவித்ரா பின்னால் போய் அம்மாவின் ரவிக்கையில் ஒரு படத்தைக் குத்திவிட்டாள். வௌவால். வகுப்பு வாயைப் பொத்திச் சிரித்தது.

"எடுறீ அத!"

"கேட்டுக் கண்டுபுடிம்மா. தமிழ்ல சொல்லு, நான் இங்கிலீஷ் சொல்லித் தரேன்."

மஞ்சுளா வேண்டாவெறுப்பாக, "நான் பறப்பனா?" என்றாள். மகள் காதில் ஓதியதைத் திருப்பிச் சொன்னாள்: "கேன் ஐ ஃப்ளை?"

"எஸ்!" கூரை அதிர்ந்தது.

"அப்ப குருவி. இல்லியா? முட்டை போடுவனா, கேளு."

"டூ ஐ லே எக்ஸ்?"

"நோ!"

"பறக்குது, முட்டை போடலியா? ஏமாத்தறீங்களாடா?"

"ஆன்ட்டி தோத்துட்டாங்க!" என்றான் முன்வரிசைப் பையன்.

"யாருடா தோத்தது? இருடா!" மஞ்சுளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பவித்ரா நோட்டு இல்லாமல், யோசிக்காமல், கேள்வி கேள்வியாக ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாள். இடையில் ஒரு முறை மஞ்சுளா கேட்க வந்ததை மறந்து மகளின் வாயையே பார்த்தாள்.

மணி பன்னிரண்டு. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா டி.சி. கேட்டது?"

இரைச்சல் நின்றது. பவித்ரா தரையைப் பார்த்தாள். மஞ்சுளா மகள் பக்கம் திரும்ப, அவர் அவள் முதுகைக் கவனித்தார். "அட, இது வௌ..."

"சார், சொல்லாதீங்க!" என்று தடுத்தாள் மஞ்சுளா.

"டி.சி.?"

"இப்ப இன்னா சார் அவசரம்? ஷிப்டுக்கு நேரமாச்சி. நாளைக்கு வர்றேன்."

"டி.சி.க்கா, இந்த ஆட்டத்துக்கா?" பவித்ராவின் குரல் ஒடுங்கியிருந்தது.

"இதுக்குத்தாண்டி."

படத்தைக் கழற்ற ரேவதி கை நீட்டினாள். "இருக்கட்டும் டீச்சர். ஃபேக்டரில கேக்கறேன்."

திரும்பும் ஆட்டோவில் எனக்கு முன்சீட்டில் வௌவால் குலுங்கிக்கொண்டு வந்தது. நகரத்தில் எங்கள் தெருப் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் அதன் அமைதியைப் பார்த்து, நல்ல பள்ளி என்று எண்ணிக்கொள்வேன். இனி அப்படி எண்ண முடியுமா தெரியவில்லை.

தொழிற்சாலை வாசலில் மஞ்சுளா இறங்கினாள். தலையுறை போட்ட பெண்கள் அவள் முதுகைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"ஒருத்தியும் சொல்லக் கூடாது. எஸ், நோ மட்டும்தான்" என்றாள் அவள். "கேன் ஐ ஸ்விம்?"