ஜெஸீமா ராத்தா கீழே இறங்கிய நேரம்

இந்த நேரத்தில் நம் பெண்கள் குழுவில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் உறங்கியிருப்பீர்கள். எனக்கோ மகன் உறங்கிய பிறகுதான் கை ஓய்கிறது. அதுவும் அவனுக்கு மூச்சு சரியாக வருகிறதா என்று அடிக்கடி எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஆகவே இது விட்டு விட்டுத்தான் இருக்கும். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போடவும் முடியவில்லை. ஏன் என்று வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

அன்று காலை மகனுக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தேன். தில்லையடிப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜனாஸா அறிவித்தல், யாரோ இறந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பெண்ணின் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் தகப்பன், பிறகு கணவன், பிறகு பிள்ளைகள். கத்தாரில் தொழில் செய்யும் ஒருவரின் மனைவி என்றார்கள். யாரோ என்று நினைத்தேன். "அஸ்லமின் தாயாருமான" என்றார்கள். அதற்குப் பிறகு சொன்ன பெயர் என் காதில் விழவே இல்லை. அடுப்பை அணைத்தேனா என்றும் ஞாபகமில்லை. முட்டை வெடித்துக் கிடந்ததாகப் பிறகு என் கணவர் சொன்னார்.

முந்தின நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெஸீமா ராத்தாவின் தோளோடு தோள் உரசி நின்றவள் நான். அந்தியில் மகரிபு பாங்கு சொல்லும்போதுகூட, "புள்ள, அந்தப் பிளேன்டீக் கோப்பையைக் கழுவி வெச்சிட்டுப் போ, எறும்பு வரும்" என்று சொன்னவர். கழுவி வைத்தேன். ஜனாஸா வீட்டுக்கு ஓடிப் போனபோது அந்தக் கோப்பை நான் கவிழ்த்து வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் அழத் தொடங்கினேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கெல்லாம் அக்காவான ஜெஸீமா ராத்தாவின் வீடு பந்து மைதானத்தின் மதிலோடு ஒட்டியது. மேல்மாடி கட்டத் தொடங்கி, தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு, கூரை போடாமல் நின்றுபோன வீடு. அந்த மாடித் தட்டுத்தான் நம் பெண்களுக்குப் பார்வையாளர் அரங்கம். மைதானத்துக்குள் நாம் போவதில்லை. போட்டி என்றால் தில்லையடியில் பாதிப் பெண்கள் அந்தத் தட்டின் அரைச்சுவருக்குப் பின்னால்தான் நிற்போம். வடக்குப் பக்கக் கோல் கம்பம் நேரே நம் கண்ணுக்குக் கீழே இருக்கும்.

நம் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இருக்கும் பெயர், தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது விட்டு வந்த ஊரின் பெயர். மன்னாரில் வீட்டையும் தோட்டத்தையும் வலையையும் விட்டு வந்தவர்கள், வந்து சேர்ந்த முகாமில் பிள்ளைகளைக் கூட்டி அந்தப் பெயரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். ராத்தா அப்போது சின்னப் பிள்ளை. அவருடைய வாப்பா சொல்லுவாராம்: "ஊர் போச்சு. பேர் போகப்படாது." அந்தச் சொல்லோடு வளர்ந்தவருக்குப் பந்து வெறும் பந்தாக இருக்குமா?

இருக்கவில்லை. நான் மதுரங்குளியிலிருந்து மணமுடித்து வந்த புதிதில் ராத்தா ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். கழகம் வெல்லும் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நோன்பு. அந்தப் பருவத்தில் பார்த்து நம் பிள்ளைகள் தோற்கவே இல்லை. கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் வெயிலில் ராத்தா நோன்பு, நோன்பு, நோன்பு. கத்தாரிலிருந்து கணவர் தொலைபேசியில், "ஊரே வெடி கொளுத்துது, நீ மட்டும் ரமழான்லயா இரிக்கிறா?" என்று கேட்டார். கடைசியில் ராத்தா கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். அணித்தலைவன் பார்க்க வந்து ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நின்று, "மாமி, அடுத்த மெச்ச நாங்க தோக்கட்டா?" என்று கேட்டான்.

"தோத்தியெண்டா உன்ட கால முறிப்பன்" என்றார், சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை ஆட்டி.

வைத்த நேர்ச்சையை நிறைவேற்றாமல் விட முடியாது. எல்லா நோன்பையும் பிடித்து முடித்தார். "இனி டீமுக்கு துஆ மட்டுந்தான். நேர்ச்சை இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த பருவத்தில் நடந்தது சிரிப்பில்லை. குறிஞ்சிப்பிட்டியோடு விளையாடிய போட்டி. நம் பின்வரிசைப் பிள்ளை ஒருவனின் காலில் பட்டு பந்து நம் கோலுக்குள்ளேயே போய்விட்டது. ராத்தா அரைச்சுவரில் ஏறாத குறையாக நின்று கத்தினார்: "ஊர வித்துட்டானே, பாவி! நம்மட ஊர வித்துட்டான்!"

அந்தப் பிள்ளையின் உம்மா ஸரீனா மாமி நமக்குப் பின்னால் நின்றார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸரீனா மாமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். ராத்தா மிச்சப் போட்டியைப் பார்க்கவில்லை. கம்பி நீட்டிய ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றார்.

மறுநாள் காலை ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு ஸரீனா மாமி வீட்டுக்குப் போனார். தனியே போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதிரையில் இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்: "வாப்பா என்ட தலையில வெச்சத நான் உன்ட புள்ளைட காலுல கட்டிட்டன். ஊர் போனதுக்கு அவனா பொறுப்பு? அவன் பொறந்ததே இங்க."

ஸரீனா மாமி சொன்னார்: "என்ட புள்ளைக்கு அந்த ஊர்ல கடல் எந்தப் பக்கம் எண்டும் தெரியா, ஜெஸீமா."

இருவரும் அழுதார்கள். பிறகு வட்டிலப்பம் தின்றோம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சோற்று வழக்கம் தொடங்கியது. நடுவர் விசில் ஊதும் நேரம் பார்த்து ராத்தா அடுப்பில் உலை வைப்பார். "ஏன் ராத்தா, இப்பவா சோறாக்குற?" என்று கேட்டேன்.

"ஓம், இப்பதான். கோல் விழுற நேரம் பாத்துச் சோறும் வேகும். எதுக்கு எழும்பிப் போகணும் எண்டு என்ட காலுக்குத் தெரியணும்."

முதல் நாள் காலுக்குத் தெரியவில்லை. சோறு அடிப்பிடித்துப் புகை தட்டு வரைக்கும் வந்தது. கருகிய சோற்றை எல்லோரும் சேர்ந்து தின்றோம். போகப் போக, மூலை உதை எடுக்கும் நேரத்திலும் இறங்கிப் போய்க் கஞ்சி வடித்துவிட்டு வருவார். "என்னாச்சு?" என்று கேட்டு, சொன்னால் கேட்டுக்கொள்வார். துஆவும் மாறியது. முன்பு, "யா அல்லாஹ், வெண்டு தா" என்று கையேந்தியவர், பிறகு, "கால் கை முறியாம வீட்டுக்கு வரட்டும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும்" என்று கேட்டார். போட்டி பார்ப்பதை அவர் விடவில்லை. விசிலும் அடித்தார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "விருப்பத்த விடச் சொல்லல்ல புள்ள. கையில பிடிச்சிக்க, கழுத்துல கட்டிக்காத."

எனக்கு அது வரவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த பெண் என்று பெயர்தான். அணி தோற்றால் எனக்கு உறக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு போட்டியின் கடைசி நேரத்தில் அவன் வீறிட்டு அழுதான். நான் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ராத்தா என் கையிலிருந்து அவனை வாங்கினார். "பசியில அழல்ல. உன்ட நெஞ்சு அடிக்கிறது அவன்ட காதுல கேக்குது. பயந்துட்டான்" என்றார். அவருடைய தோளில் போட்டதும் அடங்கினான். அன்றுமுதல் போட்டி நாளில் அவன் ராத்தாவிடம்தான் இருப்பான். இப்போது போட்டி என்றால் யாரிடம் கொடுப்பேன் என்று தெரியவில்லை.

இனி, இறுதிப் போட்டி. எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சமநிலையில் முடிந்து பெனல்டிக்குப் போனது. நம் பக்கத்துக் கடைசி உதை ராத்தாவின் மகன் அஸ்லமுக்கு. வடக்குக் கம்பம், நமக்கு நேர் கீழே. அவன் பந்தை வைத்துவிட்டுத் தட்டை நிமிர்ந்து பார்த்தான். எல்லோரும் பார்த்தோம், ராத்தா கையசைத்தார். அவருக்குப் பதற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய். மற்றக் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வலித்தது. அஸ்லம் ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால், மதிலுக்கு மேலால் பறந்து, ராத்தாவின் சொந்த முற்றத்தில், முருங்கை மரத்தடியில் விழுந்தது.

நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். என் மணிக்கட்டை விட்டுவிட்டு ராத்தா படியிறங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் பந்தை எடுத்து, புழுதியைத் தட்டி, நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்திருந்து, இரண்டு கையாலும் மதிலுக்கு மேலால் எறிந்தார். பிறகு நம்மை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாடி? உம்மாட கையிலேயே கொண்டுவந்து தந்திரிக்கான்!"

அடுப்பைப் பார்த்துவிட்டு அகப்பையும் கையுமாக மேலே வந்தார். "பசியோட வருவான். இண்டைக்கு மீனாணம் நல்லா வந்திரிக்கு" என்றார். நம் பிள்ளைகள் தோற்று மைதானத்தில் குப்புறக் கிடக்க, நம்மில் பாதிப்பேர் அழ, ராத்தா மகனுக்கு ஆக்கிய கறியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். சிலருக்குக் கோபம்கூட வந்தது. "இவளுக்கு நெஞ்சே இல்லையா?" என்று ஒருவர் என் காதில் சொன்னார்.

அஸ்லம் அன்று வீட்டுக்கு வரவில்லை. வெட்கத்தில் கூட்டாளி ஒருவனின் வீட்டுக்குப் போய்த் தொலைபேசியையும் அணைத்துவிட்டான். காலையில் ராத்தா சுபஹ் தொழுத பாயிலேயே சாய்ந்தார். மூளையில் ஓர் இரத்தக் குழாய் வெடித்ததாம். எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கக்கூடியது, ஒரு வருடம் முன்போ, உறக்கத்திலோ, என்று டொக்டர் சொன்னதாக அவருடைய தங்கை சொன்னார். அஸ்லம் வந்து சேர்ந்தது ஜனாஸாவுக்கு. மூடி வைத்த சோறும் மீனாணமும் குசினியில் அப்படியே இருந்தன.

ஊர் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். "மகன் பந்த வெளிய அடிச்சான், உம்மா தாங்கல்ல." கடையில், பள்ளிவாசலில், கல்யாண வீட்டில் எல்லாம் இதே கதை. இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். அஸ்லமும் அதையே நம்புகிறான். தன் சாச்சியான ராத்தாவின் தங்கை வீட்டில் ஓர் அறைக்குள் கிடக்கிறான். கொடுத்ததைத் தின்பதில்லை. இன்று மாலை என் கணவர் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவன் கேட்டுவிட்டுச் சொன்னானாம்: "ஆறுதலுக்குச் சொல்லாதீங்க, நானா. பந்து போனதும் நான் நிமிந்து பாத்தன். தட்டுல உம்மா இல்ல. என்னப் பாக்க ஏலாம போயிட்டா."

இதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவன் பார்த்தது உண்மை. அந்த நேரத்தில் ராத்தா தட்டில் இல்லைதான். அவன் அடித்த பந்தைக் கையில் எடுக்கத்தான் கீழே போயிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆண்கள் யாருக்கும் தெரியாது. ராத்தாவை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிச் சென்றவர்கள் அவர்கள். ஆனால் அந்த முற்றத்தில் அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் நாம் மட்டும்தான்.

நான் ஒருத்தி சொன்னால் அது ஆறுதல். நீங்கள் எல்லோரும் சொன்னால் நடந்தது. ஆகவே தட்டில் நின்ற ஒவ்வொருவரும் தான் கண்டதை, கண்டபடியே, சொந்தக் குரலில் பதிந்து அவனுக்கு அனுப்புங்கள். என் மணிக்கட்டைப் பிடித்ததை நானே சொல்லுவேன். அதையும் மறைக்க வேண்டாம். பதறினார், பிறகு சிரித்தார், இரண்டும் அவருடையவைதான். நெஞ்சே இல்லையா என்று கேட்டவர், அதையும் சொல்லிவிடுங்கள். ஸரீனா மாமி, நீங்கள் நேரில் போங்கள். உங்கள் சொல்லை அவன் தட்டமாட்டான். அவன் உம்மா அன்று உங்கள் வீட்டில் நின்றபடி சொன்னதை அவனிடம் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அடுத்த போட்டிக்கு விசில் ஊதும்போது நானும் உலை வைக்கப் பார்க்கிறேன். முதல் நாள் எனக்கும் கருகும். மகனுடைய காதுக்கு என் நெஞ்சு கேட்கும் என்ற பயம் இருக்கிறது, அதை விடமாட்டேன். முருங்கை மரத்தடியில் பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்ற ராத்தாவையும் வைத்திருக்கிறேன். ஆனால் அது என்னிடம் இருக்க வேண்டியதில்லை. அஸ்லமிடம் போய்ச் சேர வேண்டியது.

இதை வாசித்ததும் எனக்குப் பதில் எழுதுங்கள். அனுப்புவீர்களா, போவீர்களா என்று மட்டும் சொன்னாலும் போதும். தயவுசெய்து சீக்கிரம்.