சூனியக்காரி வீட்டுப் பிள்ளை

எங்கள் குடும்பத்தில் நகை, நிலம் என்று தலைமுறை தாண்டி எதுவும் வந்ததில்லை. வந்தது ஒரு பேர் மட்டும். இலங்கை மலைநாட்டில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் என்னைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட 'சூனியக்காரி வீட்டுப் பிள்ளை' என்று சொன்னவர்கள்தான் அதிகம். நேரில் சொல்லமாட்டார்கள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க நான் போய் நின்றால், பக்கத்தில் நிற்கிற பெண் தன் கைக்குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். அவ்வளவுதான். சின்ன வயதில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது என் பென்சிலை எடுத்தால் ஒரு முறை முறைப்பேன், பென்சில் தானாகத் திரும்பி வரும்.

கல்யாணம் பேச ஆரம்பித்தபோது அந்தப் பெருமை பல்லிளித்தது. வந்த இடமெல்லாம் வந்த வேகத்தில் திரும்பிப் போயின. கடைசியாக வந்தவர் தூரத்துத் தோட்டத்துக்காரர். விஷயம் தெரியாமல் கட்டிக்கொண்டார், தெரிந்த பிறகு சிரித்தார். நல்ல மனிதர். மரம் வெட்டும்போது அவருக்கு முதுகில் அடிபட்டு வேலை நின்றுபோனது. அதனால்தான் எண்பதுகளின் நடுவில் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டேன். எங்கள் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது.

புறப்படுவதற்கு முந்திய வாரம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவனுக்கு முதல் மொட்டை போட்டோம். முடி சாமிக்கு உரியது, மொத்தமும் ஆற்றில் விடவேண்டும். நான் ஒரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொண்டேன். மாரியிடம் திருடியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளிடம் அவள் கணக்குப் பார்க்கமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அந்த முடியை மஞ்சள் நூலால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, அவனுடைய கிழிந்த சட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டார்.

"வேணாம் புள்ள. இத ஆத்துல போட்டுட்டுப் போ. நம்ம வீட்டுக்கு முடி ஆகாது."

ஏன் ஆகாது என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று அம்மா முதல்முறையாகச் சொன்னார்.

அம்மாவின் அம்மாயி, எனக்குப் பூட்டி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. வழியில் அதற்குப் பேதி கண்டது. ஓர் ஆற்றங்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கூட்டம் நடந்தது. கூட்டி வந்த கங்காணி நின்று அழக்கூட விடவில்லை. மண்ணைத் தள்ளுவதற்கு முன் பூட்டி குழந்தையின் உச்சிமுடியில் கொஞ்சம் அறுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தோட்டத்தில் அவளைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்க முடியாது. ஒரு குழந்தையைக்கூடத் தரையில் விடமாட்டாளாம். எல்லாம் தூங்குகிற நேரத்தில் முந்தானையை அவிழ்த்து, அந்த முடியை மோந்து பார்த்துவிட்டு, மறுபடி முடிந்துகொள்வாளாம்.

அந்த வருஷத்து மழையில் தொழிலாளர் லயத்துக் குழந்தைகள் சில அடுத்தடுத்துச் செத்துப்போயின. குளிரோ தண்ணீரோ, யார் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் எல்லா நோய்க்கும் ஒரே புட்டி மருந்துதான். 'அவ முந்தானையில என்னமோ வச்சிருக்கா, எடுத்து எடுத்து மோந்து பாக்குறா' என்று யாரோ ஒருத்தி சொன்னாள். பற்றிக்கொண்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், துரை குதிரைமேல் உட்கார்ந்து பார்த்திருக்க, கங்காணி அவள் முந்தானையை இழுத்து முடிச்சை அவிழ்த்தான். முடி கொட்டியது. மலைக்காற்று அள்ளிக்கொண்டு போனது.

பூட்டி அதன் பின்னால் ஓடினாளாம். விழுந்து தவழ்ந்து, தேயிலைத் தூரெல்லாம் கைவிட்டுத் துழாவினாளாம். ஒருவரும் குனியவில்லை. தங்கள் மேல் பட்டுவிடப் போகிறதென்று காலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். செத்த பிள்ளைகளின் முடியை வைத்து மந்திரம் பண்ணியவள் என்று தீர்ப்பாகிவிட்டது. இல்லாவிட்டால் எதற்கு இப்படித் தேடுகிறாள்? தலையை மழித்து, மேல்மலையில் தனியாகப் புல் வெட்டப் போட்டார்கள். துரைக்கு ஓர் ஆள் குறையக் கூடாது, ஆகவே தோட்டத்தை விட்டுத் துரத்தவில்லை. வெள்ளைக்காரன் நீதி அந்த அளவில் நின்றது. அங்கேயே இருந்தாள், ஆகவே பேரும் அங்கேயே இருந்தது.

"பொறகுதான் எங்கம்மா பொறந்தாங்க" என்றார் அம்மா. "பெத்த புள்ளையையே தூக்கமாட்டாங்களாம், படுத்துக்கிட்டுத்தான் பால் குடுத்தாங்களாம். நானும் அம்மாயி மடியில ஒக்காந்ததே கெடையாது. ஓடிப்போனா கைய நீட்டுவாங்க. பொறகு என்னமோ நெனச்சு மடக்கிக்குவாங்க."

"அது யாரு முடின்னு ஒருத்தரும் கேக்கலியாம்மா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே."

நான் விக்கி விக்கி அழுதேன். சின்ன வயதில் பென்சிலுக்காக அவள் பேரை வைத்து மிரட்டியதை நினைத்தும் அழுதேன். ஆனால் முடியை மட்டும் ஆற்றில் போடவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த இன்னொரு சொத்து.

குவைத்தில் ஃபர்வானியாவில் ஒரு வீடு. அங்கே வீட்டு எஜமானியை 'மாமா' என்றுதான் கூப்பிடவேண்டும், அவர்கள் பேச்சில் அம்மா. என்னைவிட இளையவளை, அதுவும் ஒரு பெண்ணை, மாமா என்று கூப்பிட்டுச் சிரிப்பை அடக்குவதே முதல் மாதம் எனக்குப் பெரிய டூட்டி. இங்கே மேடம் என்றே எழுதுகிறேன். அவளுக்கு முதல் குழந்தை, பெண். பிறந்து நாற்பது நாள் கழிந்து என் கைக்கு வந்தாள். என் இடுப்பில் மகன் இருந்த இடம் காலியாகக் கிடந்தது, இவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் பின்னலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பாமல் தூங்கமாட்டாள். இவளைத் தூக்கி வைத்திருக்கும்போது மகனை மறந்த நேரமும் உண்டு, இவளாலேயே அவன் ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்த நேரமும் உண்டு.

எனக்குப் பிள்ளை இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. 'புள்ள இல்லன்னு சொல்லு, இருக்குன்னா எடுக்கமாட்டாங்க' என்று ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தான். ஆகவே மகன் என் தலையணை உறைக்குள் இருந்தான். முதலில் கொஞ்ச காலம் அந்தத் துணியில் சந்தன வாசம் இருந்தது. பிறகு இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன்.

கோடை வந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பால் குடிக்கவில்லை, ஓயாமல் அழுதாள். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அது பல் முளைக்கிற காய்ச்சல். இரண்டு நாளில் ஈறைக் கிழித்துக்கொண்டு அரிசிமணி போல ஒன்று எட்டிப் பார்த்தது. ஆனால் அது பிறகு தெரிந்த கதை. அந்த மத்தியானம் மேடத்தின் புருஷனுடைய அக்கா வந்திருந்தார். கெட்டவர் இல்லை, அந்தக் குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தவர். நான் குழந்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது என் அறைக்குள் போய்த் தேடியிருக்கிறார். துணிப்பொட்டலத்தை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"சிஹர்" என்றார். செய்வினைக்கு அவர்கள் ஊர்ச் சொல்.

முடி, மஞ்சள் நூல், முடிச்சு. வேறென்ன நினைப்பார்? மேடம் ஓடிவந்து என் கையிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். அக்கா பேசியதில் போலீஸ், ஏர்போர்ட் என்ற இரண்டும் எனக்குப் புரிந்தன. ஜெயில்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. இப்படி ஒரு காரணத்தோடு நான் ஊர் திரும்பினால் அந்தப் பேர் புதுசாகி என் மகன் தலையில் ஏறும். அவன் தண்ணீர் பிடிக்கப் போனாலும் பெண்கள் குழந்தையை இடுப்பு மாற்றுவார்கள்.

பேசிப் புரியவைக்க டிரைவரைக் கூப்பிட்டார்கள். இராமநாதபுரத்துப் பக்கம். அந்த வீட்டில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே மனிதர், என்னைத் தங்கச்சி என்பார். அவரைக் கண்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அவர் பொட்டலத்தைப் பார்த்தார், ஓர் அடி பின்னால் போனார்.

"என்ன தங்கச்சி இது? மஞ்ச நூலு, மூணு முடிச்சு... இந்தச் சங்கதியெல்லாம் எதுக்குக் கடல் தாண்டிக் கொண்டாந்த?"

"எம் மகன் முடிண்ணே. மொட்ட போட்டப்ப எடுத்தது."

"மொட்ட போட்ட முடிய யாராச்சும் வச்சிருப்பாகளா? அது சாமிக்குல்ல போகணும்?"

வந்த பாதி உயிரும் போய்விட்டது. எனக்காகப் பேச வந்தவரே நம்பிவிட்டார். நான் சொன்னதை மேடத்திடம் எடுத்துச் சொல்லவே இல்லை. அதற்குள் அக்கா, முடிச்சை அறுத்தால்தான் செய்வினை முறியும் என்று, ஏதோ ஓதிக்கொண்டே கத்திரியால் நூலை வெட்டினார். ஜன்னலில் இருந்த பெரிய ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முடி கொட்டியது. காற்று கார்ப்பெட் முழுக்க அதை இறைத்தது.

நான் விழுந்து தவழ்ந்தேன். சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். துழாவிக்கொண்டிருக்கும்போதே, பூட்டி செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பாரு, பாரு என்று அக்கா என்னைக் காட்டினார்.

மேடம் குழந்தையை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஹாதா மால் மினு?"

இது யாருடையது என்று அர்த்தம். கடையில் கிடக்கிற செருப்பைக் காட்டிக் கேட்கிற சாதாரணக் கேள்வி. பூட்டியிடம் ஒருவரும் கேட்காதது.

"பேபி மால் அனா" என்றேன், என் குழந்தையுடையது என்று. எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். அவன் உயரத்தைக் கையால் காட்டினேன். தலையை மழிப்பது போலக் காட்டினேன். பிறகு தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனேன், அவன் நடை, அவன் மழலைப் பேச்சு, அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது எல்லாவற்றையும். டிரைவர் அண்ணன் ஒவ்வொன்றாக அரபியில் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கும் ஊரில் இரண்டு பிள்ளைகள்.

மேடம் குனிந்து ஓர் இழையை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தாள். டிரைவரிடம் ஏதோ சொன்னாள்.

"அவுகளும் ஏழாம் நாளு புள்ளைக்கு மொட்ட எடுப்பாகளாம். அந்த முடிய நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளி தானம் குடுப்பாகளாம். புள்ள முடி கைக்கு எப்படி இருக்கும்னு அவுகளுக்குத் தெரியுமாம்."

அவன் பேர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் சொல்லிப் பார்த்தாள், வாயில் நிற்கவில்லை. இன்னொரு முறை வேறு விதமாகத் தப்பாகச் சொன்னாள். அந்த வீட்டில் என் மகன் பேர் முதல்முறையாகக் கேட்டது அப்படித்தான். தப்பாகக் கேட்டாலும் எனக்கு இனித்தது.

"யல்லா, ஏசியை நிறுத்து" என்று டிரைவரை விரட்டினாள். அவர் ஓடிப்போய் நிறுத்தினார். வெளியே கோடை வெயில் தகித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. அக்கா தன் கறுப்பு அபாயா அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முடி எதையும் மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஓரமாகப் போய் நின்றார்.

மேடம் கார்ப்பெட்டில் என் பக்கத்தில் மண்டி போட்டாள். அந்த மெல்லிய முடியை ஒரு கையால் பொறுக்க வரவில்லை. நகத்தால் கிள்ளி எடுத்து மறு உள்ளங்கையில் சேர்க்கவேண்டும். அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவ்வளவு பேச்சும் மறந்துபோனவள் மாதிரி, தினமும் செய்வதுபோல, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.