இரண்டு கார்புரேட்டரும் அத்தானின் காதும்

1992-ம் வருஷக் கோடை விடுமுறை. ராஜபாளையத்தில் என் அத்தானின் தறிக்கூடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அந்த வெயிலில் அதற்குள் நின்று, ஒரு ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காரின் எஞ்சினுக்குள்ளும் மறுமுனையை என் காதுக்குள்ளும் செருகிக்கொண்டு குனிந்திருந்தேன். பார்த்தவர்கள், கார் என்னிடம் ரகசியம் சொல்கிறது என்று நினைத்திருப்பார்கள். சொல்லியிருந்தால் தேவலை.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து திரும்பி, பேண்டேஜ் துணி நெய்யத் தறி போட்டவர். மலைமேல் ஒரு எஸ்டேட் கைமாறியபோது, வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். எண்பதுகளில் அந்தக் கார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்பே அதன் சத்தம் நுழைந்துவிடும். அங்கே நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருப்பேன். வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். அசோகரை அதற்கப்புறம் யாரும் சீண்டமாட்டார்கள்.

அதற்கு இரண்டு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சமாசாரம். மற்ற கார்களுக்கு ஒன்றே போதும். இதில் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தாக வேண்டும், இல்லையென்றால் வண்டி இருமும், குலுங்கும். அத்தான் ட்யூபைக் காதில் வைத்து, இரண்டின் ‘உஸ்’ஸும் ஒன்றுபோலக் கேட்கும்வரை ஸ்க்ரூவைத் திருகுவார். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த வித்தியாசம் அவருக்குக் கேட்கும்.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது. நரம்புக் கோளாறு, இருப்பதும் சீக்கிரம் போய்விடும், மருந்து கிடையாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். கார் ஒரு வருஷமாகக் கெட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அத்தான் என்னைத்தான் கூப்பிட்டார்.

“எங்காது போறதுக்குள்ள அது ஒழுங்கா ஓடுறத ஒருக்கா கேட்டுரணும்லே. ஒங்காதக் கொண்டா.”

காது கொடுப்பது சுலபம் என்று நினைத்தேன். முதலில் ஊரிலேயே பேர்பெற்ற ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பயபக்தியோடு மூடினார். “சம்பந்தி ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து எலையில உக்கார வச்சிருக்கு சார். ஒருத்தருக்கு ஒரு கரண்டி கூடுனாலும் கல்யாணம் நின்னுரும். நமக்கு எதுக்கு இது?” என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் புத்தகம் இருந்தது. காரோடு வந்த பழைய விளக்கப் புத்தகத்தை நாவல் படிப்பதுபோல் படித்துத் தீர்த்தேன். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கிற தண்டின் பிடியைத் தளர்த்து, தனித்தனியாகச் சரிசெய், பிறகு இறுக்கு என்று தெளிவாகப் போட்டிருந்தது. நான் தளர்த்தாமலே சில நாள் திருகினேன். ஒன்றைத் திருகினால் மற்றதும் கூடவே ஆடியது. படித்தவனுக்கு இது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

புரிந்த பிறகு வந்ததுதான் பெரிய கொடுமை. காற்று வடிகட்டி மூடிகளைக் கழற்றிவிட்டு ட்யூபை வைத்துச் சரிசெய்தால் இரண்டு ‘உஸ்’ஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வண்டி அழகாக ஓடும். மூடிகளைத் திரும்ப மாட்டி அத்தானைக் கூப்பிடப் போவேன். அவர் வருவதற்குள் இருமத் தொடங்கிவிடும். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். தினமும் காலை பஸ்ஸில் நம்பிக்கையோடு வந்து, சாயங்காலம் பெட்ரோல் வாடையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினேன்.

இதற்கிடையில் அத்தான் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பிறகு ஒருநாள் ரேடியோவைப் போடுவதையே விட்டுவிட்டார். அக்கா அவர் இடது காதில் கத்திப் பேசுவாள். அப்புறம் கையால் பேச ஆரம்பித்தாள். நான் மட்டும் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். பள்ளி திறக்கும் நாளும் நெருங்கியது.

ஒருநாள் மத்தியானம், வெறுத்துப்போய் மூடியைத் தரையில் வீசினேன். அது மல்லாக்க விழுந்தது. உள்ளே பேண்டேஜ் துணி தைத்திருந்தது. இத்தனை நாளும் அது என் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் பால் வடிகட்டுவது அதில்தான், மோர்ப்பானைக்கு வேடு கட்டுவதும் அதில்தான். அங்கே பேண்டேஜ் துணியை யாரும் ஒரு பொருளாகவே பார்ப்பதில்லை. மற்ற மூடியையும் திருப்பினேன். முதலாவதில் ஒரு மடிப்பு. இதில் மடிப்புமேல் மடிப்பாக, பஞ்சு அப்பி, தலையணை போல் இருந்தது.

அக்காவிடம் காட்டினேன். “நாந்தாம்லே தச்சேன். தறிப் பஞ்சு உள்ள போயிரும்னு அவிய சொன்னாவ. இந்தப் பக்கந்தான் பஞ்சு சாஸ்தி பறக்கும், அதான் வருசா வருசம் மேலயே ஒண்ணு வச்சுத் தச்சிருவேன்” என்றாள். ஒரு மூக்கை அடைத்துவிட்டு மூச்சைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மூடியின் துணியையும் பிரித்து எறிந்தேன். மூடிகளை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். அந்த எஞ்சின் அன்று ஓடியதுபோல் எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை. பானெட்டின்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தேன். பக்கத்துத் தறிகளின் அதிர்வுக்கு எவ்வளவு ஆடுமோ அவ்வளவுதான் ஆடியது.

அத்தானைக் கூட்டிவந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். இறங்கிவந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். செத்த நேரம் வைத்தபடியே இருந்தார்.

“நின்னுருச்சா?” என்று கேட்டார்.

அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போய்விட்டாள். முந்தின நாள்வரை அது இருமிக் குலுங்கும்போதெல்லாம் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. காதில் விழாதது அவருக்குக் கை வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. அதையும் நான் கஷ்டப்பட்டு, புத்தகம் பார்த்து, முழுசாகச் சரிசெய்துவிட்டேன்.

என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். தண்டின் பிடியைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின் கார்புரேட்டரின் ஸ்க்ரூவை நன்றாகத் திருகினேன். கார் காய்ச்சல்காரனைப்போல உதறியது. தம்ளர் விழுந்து உடைந்தது. அத்தானின் கையும் பானெட்டோடு சேர்ந்து அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பின்னால கம்மியா இழுக்குது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீதான கெடுத்த? தெரியுதுலே. இருக்கட்டும். ஏறு.”

அய்யனார் கோவில் ரோட்டில் அவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் வண்டி இருமியது, துப்பாக்கிபோல வெடித்தது, ஜனம் நின்று சிரித்தது. பேர்பெற்ற மெக்கானிக்கும் பார்த்தார். அந்த அபஸ்வரத்தை முழுசாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் காரை ஓட்டியதில்லை.

இன்றைக்கும் ஏதாவது ஒரு வண்டி சத்தமே இல்லாமல் சீராக ஓடினால் எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கோ, யாரிடமிருந்தோ எதையோ பிடுங்கிக்கொண்டுதான் அது அப்படி ஓடுகிறதென்று தோன்றுகிறது.